டரெட்டில் கை வைப்பதற்கு முன்

வணக்கம் ஐயா,

நான் ஒரு மெஷின் ஷாப்பில் செட்டராக இருக்கிறேன். எங்கள் சிஎன்சி லேத்தில் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) சமீபத்தில் ஒரு மோதல். ஆஃப்செட்டை (டூல் முனை இருக்கும் இடத்தை மெஷினுக்குச் சொல்லும் எண்) தவறாகப் போட்டதால், ஓட்டையின் உள்ளே கடையும் போரிங் பார் ரேப்பிடில், அதாவது முழு வேகத்தில் வந்து, சுற்றிக்கொண்டிருந்த சக்கின் ஜாவில் (வேலைப்பொருளைப் பிடிக்கும் தாடை) அடித்துவிட்டது. பெட் சாய்வாக அமைந்த ஸ்லாண்ட் பெட் மெஷின், 12 ஸ்டேஷன் ஹைட்ராலிக் டரெட் (டூல்களைத் தாங்கிச் சுழலும் தலை), டூலின் உயரத்தை நகர்த்தும் ஒய் அச்சு கிடையாது. பாரை மாற்றி ஆஃப்செட் எடுத்தபின், வெளிவிட்டத்தைக் கடையும் வேலை ஓடுகிறது. ஆனால் ஃபேஸிங் (முன்முகத்தைக் கடைவது) செய்தால் நடுவில் 0.3 மி.மீ. அளவுக்கு ஒரு முளை நிற்கிறது. ட்ரில் போட்ட ஓட்டை வாயில் அகலமாகிறது, ட்ரில்லின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. 100 மி.மீ. நீளத்துக்கு டர்னிங் (வெளிப்பக்கத்தைக் கடைவது) செய்தால் விட்டத்தில் 0.04 மி.மீ. டேப்பர் (ஒரு முனை சிறுத்துப் போவது) வருகிறது, வெளிமுனை சின்னது. டரெட் திரும்பிவிட்டது, போல்ட்டைத் தளர்த்தித் தட்டி நேராக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஷாப்பில் மூத்தவர் சொல்கிறார். செய்யலாமா? அதுவரை டூலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து ஓட்டலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இன்னும் போல்ட்டைத் தொடவில்லை என்றால் நல்லது. நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு தனித்தனிப் புகார்கள் இருக்கின்றன. மூத்தவர் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டார்.

முளையும் ட்ரில் தேய்மானமும் டரெட்டால் வரக்கூடியவை. டேப்பர் அப்படி அல்ல. டர்னிங்கில் வெட்டுவது இன்சர்ட்டின் (டூலில் மாட்டும் வெட்டுத் துண்டு) ஒரு முனைதான். டரெட் எவ்வளவு கோணலாக உட்கார்ந்திருந்தாலும் அந்த முனை இசட் வழித்தடம் (டூலை நீளவாக்கில் நகர்த்தும் தடம்) போகிற திசையில்தான் போகும். கோணலால் முனை இருக்கும் இடம் மாறுமே தவிர அது போகும் பாதை மாறாது. இடம் மாறினால் ஆஃப்செட்டில் பிடித்துக்கொள்ளலாம். டேப்பர் வரவேண்டுமானால் ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) அச்சும் இசட் வழித்தடமும் இணையாக இல்லாமல் போயிருக்க வேண்டும். அதாவது ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக் நகர்ந்திருக்கிறது, அல்லது பெட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. மோதலுக்குப் பிறகு என்பதால் எனக்கு முதல் சந்தேகம் ஹெட்ஸ்டாக் மேல்தான்.

ஜாப் (கடையப்படும் பொருள்) வளைந்து கொடுத்திருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வளைந்து கொடுத்தால் பிடிப்பில்லாத வெளிமுனை பெரிதாக வரும். உங்களுக்குச் சின்னதாக வருகிறது. எனவே ஸ்பிண்டில் அச்சின் வெளிமுனை டூல் பக்கம் சாய்ந்திருக்கிறது. விட்டத்தில் 0.04 என்றால் அச்சின் சாய்வு 100 மி.மீ.க்கு 0.02. இதை உறுதிசெய்ய, ஸ்பிண்டிலை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்குங்கள். தடிமனான ஒரு பாரை, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் இல்லாமல் பிடித்து, கூர்மையான புது இன்சர்ட்டில் மிக லேசாக ஒரு கட் எடுத்து இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். கூடவே மெஷின் லெவலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டரெட்டை நேராக்குவது என்றால் ஸ்பிண்டில் அச்சுக்கு நேராக்குவது. ஸ்பிண்டிலே கோணலாக இருக்கும்போது அதற்கு ஏற்றபடி டரெட்டைத் தட்டி வைத்தீர்கள் என்றால், நாளைக்கு யாராவது ஹெட்ஸ்டாக்கைச் சரிசெய்ததும் டரெட் மறுபடி கோணல். அதுமட்டுமல்ல, ஹெட்ஸ்டாக் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் எல்லா டூலும் ஒரே அளவு சென்டர் தவறும். பார்ப்பதற்கு டரெட் திரும்பியது போலவே இருக்கும்.

ஹெட்ஸ்டாக்கை நீங்களே தளர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. சுற்றிக்கொண்டிருந்த ஜாவில் அடிபட்டிருக்கிறது, ஸ்பிண்டில் பேரிங்கையும் பார்த்தாக வேண்டும். ஸ்பிண்டில் மூக்கில் டயல் (நுண்ணிய நகர்வைக் காட்டும் முள் கருவி) வைத்து ரன்அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) பாருங்கள், ஓடும்போது சத்தமோ வழக்கத்துக்கு மீறிய சூடோ இருக்கிறதா என்று கவனியுங்கள். மீதியை சர்வீஸ் ஆட்களிடம் விடுங்கள்.

சரி, இனி டரெட்.

முதலில் தெரிய வேண்டியது, டரெட் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து உட்காருகிறதா என்பது. ஒரு ஹோல்டரில் டயலைத் தொடவைத்துப் பூஜ்யம் செய்யுங்கள். டயலை விலக்கிவிட்டு டரெட்டைச் சுற்றி அதே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து மறுபடி படியுங்கள். பத்து முறை செய்யுங்கள், இரண்டு திசையிலும் சுற்றுங்கள். சில மைக்ரானுக்குள் திரும்பி வந்தால் உள்ளே இருக்கும் பல் கப்ளிங் நன்றாக இருக்கிறது, வெளியே ஏதோ நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு காட்டினால் எந்த போல்ட்டைத் தட்டியும் பயனில்லை.

அந்தக் கப்ளிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மன் பொறியாளர் ஆல்பர்ட் ஹிர்த் பெயரில் வழங்கும் ஹிர்த் கப்ளிங், அல்லது அதன் உறவுக்காரரான கர்விக் கப்ளிங். இரண்டு கை விரல்களைக் கோத்துப் பிடிப்பது போல, முகத்தில் பல் வெட்டிய வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்து டரெட்டைப் பூட்டுகின்றன. அத்தனை பல்லும் சேர்ந்து பிடிப்பதால்தான் அவ்வளவு துல்லியம். அதே காரணத்தால், ஒரு பல்லில் சின்ன உலோகச் சுருள் ஒட்டியிருந்தாலும் மொத்தமும் தூக்கிக்கொள்ளும். டூல்கள் மாட்டியிருக்கும் டிஸ்க்கே முன்னே வந்து சுற்றும் இரண்டு துண்டுக் கப்ளிங்கில் சுருளும் கூலண்டும் உள்ளே நுழைய வாய்ப்பு அதிகம். மூன்று துண்டு வகையில் டிஸ்க் வெளியே வராது, பூட்டும் வளையம் மட்டும் உள்ளே நகரும். அழுக்கைத் தவிர, கிளாம்ப் பிரஷர் குறைவு, பிஸ்டன் சீல் கசிவு, உடைந்த பல் ஆகியவையும் காரணமாகலாம். பிரஷர் கேஜை மெஷினில் எழுதியிருக்கும் அளவோடு ஒப்பிடுவது ஒரு நிமிட வேலை, அதை முதலில் செய்யுங்கள். அப்புறம் டயலை வைத்துக்கொண்டு ஒரு பாரால் டரெட்டை லேசாக நெம்பிப் பாருங்கள். விட்டவுடன் முள் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கிளாம்ப் விடுகிறது, அல்லது எக்ஸ் ஸ்லைடின் (டூலை ஜாப்பின் மையம் நோக்கி நகர்த்தும் பகுதி) கிப், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை, தளர்ந்திருக்கிறது.

ஒரு முழுப் பல் தாண்டிவிட்டதோ என்று சிலர் பயப்படுவார்கள். 72 பல் என்றால் ஒரு பல் 5 டிகிரி. 200 மி.மீ. ஆரத்தில் அது 17 மி.மீ.க்கு மேல், கண்ணுக்கே தெரிந்துவிடும். உங்களுடைய முளை 0.3 என்றால் டூல் சென்டர் தவறியிருப்பது அதில் பாதி, சுமார் 0.15. அதே ஆரத்தில் இது 0.04 டிகிரிதான். ஆகவே பல் தாண்டவில்லை. வழக்கமாக இந்த அளவுக்கு நகர்வது போல்ட் ஓட்டையில் இருக்கும் இடைவெளியில்தான். சுற்றும் ஜா பாரைப் பக்கவாட்டில் அடித்திருப்பதால், டிஸ்க் கப்ளிங்கின் மேல் வழுக்கித் திரும்பியிருக்கும் என்பது என் ஊகம். ரேப்பிடின் தள்ளு இசட் திசையில் வந்ததால் டரெட் உடலும் ஸ்லைடின் மேல் கொஞ்சம் திரும்பியிருக்கலாம்.

வெளிவிட்ட வேலை ஓடுகிறதே என்று கேட்கலாம். ஓடத்தான் செய்யும். முனை 0.15 கீழே இருந்தாலும் 50 மி.மீ. விட்டத்தில் ஒரு மைக்ரான் கூட மாறாது. அதே டூலால் 4 மி.மீ. விட்டத்துக்கு வந்தால் சுமார் 0.01 கூடிவரும். தவறு 0.3 ஆக இருந்தால் 0.04 வரை கூடும். பெரிய விட்டம் சரியாகவும் சின்ன விட்டம் கூடுதலாகவும் வருகிற ஜாப்பைக் கண்டால் ஆஃப்செட்டைக் குறை சொல்லாதீர்கள், டூல் உயரத்தைப் பாருங்கள். முளையையும் உற்றுப் பாருங்கள். டூல் கீழே இருந்தால் அது குச்சி போல நிற்கும், மேலே இருந்தால் நசுங்கிய கூம்பு போல இருக்கும்.

அளப்பதற்கு, லீவர் டயலைச் சக்கில் மாட்டி போரிங் பார் ஹோல்டரின் ஓட்டைக்குள் சுற்றிப் படியுங்கள். இங்கே ஸ்லாண்ட் பெட்டில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் எக்ஸ் அச்சு சாய்ந்திருக்கிறது, ஆகவே தரையைப் பார்த்து மேல், கீழ் என்று எடுத்தால் எக்ஸ் தவறும் உயரத் தவறும் கலந்துவிடும். எக்ஸ் போகும் திசையில் எதிரெதிர் இரண்டு புள்ளிகள் ஒரே அளவு காட்டும்வரை எக்ஸைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பிறகு அதற்குச் செங்குத்தான இரண்டு புள்ளிகளைப் படியுங்கள். அந்த வித்தியாசத்தில் பாதிதான் உண்மையான தவறு. டயல் பிடிக்கும் கம்பி நீளமாக இருந்தால் அதன் எடையே தொங்கிப் பொய் சொல்லும், குட்டையாக வையுங்கள்.

இதை 1, 4, 7, 10 ஆகிய நான்கு ஸ்டேஷனிலும் செய்யுங்கள். நான்கிலும் ஒரே தவறு என்றால் டிஸ்க்கோ உடலோ நகர்ந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் என்றால் அந்த ஹோல்டர், அல்லது அது உட்காரும் இடம். எதிரெதிர் ஸ்டேஷன்களில் தவறு தலைகீழாக வந்தால் டிஸ்க் தன் மையத்திலிருந்தே விலகியிருக்கிறது. அடுத்து ஹோல்டரில் ஒரு டெஸ்ட் பாரைப் போட்டு, இசட்டை நகர்த்தி அதன் மேல்பக்கத்திலும் பக்கவாட்டிலும் டயல் ஓட்டுங்கள். உயரம் தவறாக இருந்தும் பார் இணையாக இருந்தால் டிஸ்க் மட்டும் திரும்பியிருக்கிறது. சரிவு காட்டினால் உடல் கோணல். சக்கில் டயல் வைத்து எக்ஸை ஓட்டி டரெட் முகத்தைப் படித்தாலும் உடலின் கோணல் தெரிந்துவிடும்.

தளர்த்தும்போது உடலை முதலில் சரிசெய்யுங்கள், டிஸ்க்கைப் பிறகு. உடலை அதன் இடத்தில் உட்கார வைத்திருக்கும் டேப்பர் பின்களை (கூம்பு வடிவ ஆணிகள்) முதலிலேயே உருவிவிட வேண்டும். அவற்றை வைத்துக்கொண்டே தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வரும். பின் இருக்கும்வரை டரெட் பழைய தவறான இடத்துக்கே இழுபடும். டிஸ்க்கைத் திருப்பும்போது டரெட் கிளாம்ப் ஆகியிருக்க வேண்டும். அதாவது ஹைட்ராலிக் ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே யாரும் பேனலைத் தொடாதபடி ஆள் நிற்கட்டும். எதிரெதிர் இரண்டு போல்ட்டை லேசாகப் பிடிக்கவைத்து, மற்றதைத் தளர்த்தி, நைலான் சுத்தியலால் டயலைப் பார்த்தபடி தட்டுங்கள். இறுக்குவது குறுக்கும் நெடுக்குமாக, மூன்று சுற்றில், டார்க் ரெஞ்சில், மேனுவல் சொல்லும் அளவுக்கு. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் படியுங்கள், இறுக்கும்போது நிச்சயம் நகரும். எக்ஸ் மோட்டாரைக் கழற்ற வேண்டி வந்தால், அதற்கு முன் ஸ்லைடுக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள். சாய்ந்த அச்சு, தானே இறங்கிவிடும்.

எவ்வளவு வந்தால் போதும் என்பதற்கு மெஷினோடு வந்த டெஸ்ட் சார்ட்டைப் பாருங்கள். சிஎன்சி லேத் சோதனைக்கான பொதுத் தரம் ஐஎஸ்ஓ 13041, ஆனால் உங்கள் மெஷினின் சொந்த சார்ட்தான் நெருக்கமான வழிகாட்டி. பழைய பின் ஓட்டைகள் இனி பொருந்தாது. உடனே பின் அடிக்காமல் சில ஷிஃப்ட் கட் எடுத்து, மறுபடி படித்து, நகரவில்லை என்று தெரிந்தபின் ஓட்டையை ரீமர் (ஓட்டையைத் துல்லியமாகச் செதுக்கும் கருவி) போட்டுப் பெரிதாக்கிப் புதுப் பின் போடுங்கள்.

ஷிம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவசரமாக முடிக்க வேண்டிய ஜாப் என்றால், சென்டருக்குக் கீழே இருக்கும் ஒரு வெளிவிட்ட டூலுக்கு வைத்து ஓட்டிக்கொள்ளுங்கள், செட்டிங் ஷீட்டில் எழுதியும் வையுங்கள். ட்ரில்லுக்கும் போரிங் பாருக்கும் அது ஆகாது. ஒய் அச்சு இல்லாத மெஷினில் அந்தத் தவறை ஆஃப்செட்டாலும் எடுக்க முடியாது. இன்சர்ட் ட்ரில் போட்டுத் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஓட்டையின் அளவு ஓரளவு சரியாக வரலாம், ஆனால் நடு இன்சர்ட் உடைந்துகொண்டே இருக்கும்.

டேப்பர் சோதனையின் இரண்டு அளவுகள், நான்கு ஸ்டேஷன் அளவுகள், திரும்பி உட்காரும் சோதனையின் பட்டியல் மூன்றையும் எழுதி சர்வீஸ் ஆட்களிடம் கொடுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். உடலைத் தொட வேண்டுமா, டிஸ்க்கோடு நிறுத்திக்கொள்ளலாமா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.