ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்தும் ரெக்கவரி வண்டிக்கு நாமே காசு கொடுப்பதா?

கேள்வி: வணக்கம் சார். கோத்தகிரியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்களிடம் ஏழு வயதான பெட்ரோல் கார் இருக்கிறது, 1,197 சி.சி. சமீபத்தில் கோவையிலிருந்து திரும்பும்போது, குஞ்சப்பனை தாண்டி மேலே ஏறுகையில் கிளட்ச் பிளேட் எரிந்து வண்டி நின்றுவிட்டது. பாலிசியில் இருந்த நம்பருக்குப் போன் செய்தால், "உங்கள் பாலிசியில் அந்த வசதி இல்லை" என்றார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து தனியார் ரெக்கவரி வண்டியை வரவழைத்தோம். அதற்கு 7,000 ரூபாய், கிளட்ச் செட் மாற்ற 9,500. ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்தும் ஒரு பைசா வரவில்லை. அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். முழு பாலிசி 8,500 ரூபாய், தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் 4,400. "உதவாத இன்ஷூரன்ஸுக்கு எதற்குக் காசு, தேர்ட் பார்ட்டியே போதும்" என்கிறார் என் கணவர். ஷோரூமில் 2,900 ரூபாய்க்கு ரோடுசைடு அசிஸ்டன்ஸ் (வண்டி வழியில் நின்றால் வந்து உதவுவது) பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். பாலிசியிலேயே 350 ரூபாய் சேர்த்தால் போதும் என்கிறார் ஏஜென்ட். எது சரி? இன்னொன்று, போன வாரம் பார்க்கிங்கில் பின் பம்பர் உடைந்தது. பம்பர் 4,000, பெயின்ட் 2,000, கூலி 1,000 என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கிளெய்ம் செய்யலாமா? ஐ.டி.வி. (பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 2,80,000 ரூபாய், நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம்.

பதில்: உங்கள் கணவரின் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பெரிய நஷ்டமாகிவிடும். முதலில் அதைப் பார்ப்போம்.

'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோமே தவிர, அதில் எல்லாம் அடங்கிவிடாது. வண்டிக்கு வெளியிலிருந்து வரும் சேதத்துக்குத்தான் அந்தப் பாலிசி: மோதல், தீ, திருட்டு, வெள்ளம், மண்சரிவு இப்படி. வண்டி தானாகப் பழுதாவதும், பாகங்கள் தேய்வதும் அதில் கிடையாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. கிளட்ச் பிளேட் தேயும் பாகம். வாரண்டி நீட்டித்து வாங்கியிருந்தால்கூட அநேகமாக வந்திருக்காது.

சரி, கிளட்ச் எரியாமல் வண்டி பாறையில் மோதியிருந்தால் அந்த 7,000 கிடைத்திருக்குமா? முழுதாகக் கிடைத்திருக்காது. தனியார் காருக்கான வழக்கமான பாலிசியில் விபத்தான வண்டியைப் பாதுகாத்து, பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும் செலவுக்கு உச்சவரம்பு ஒரு விபத்துக்கு 1,500 ரூபாய். பழைய காலத்துக் கணக்கு அது. சமவெளியில் பத்து கிலோமீட்டர் இழுக்கவே இன்று அது பற்றாது. மலைப்பாதையில் கேட்கவே வேண்டாம். ஆக, விபத்தோ பழுதோ, வண்டியை இறக்கும் செலவில் பெரும்பங்கு உங்கள் கையிலிருந்துதான் போகும். ரோடுசைடு அசிஸ்டன்ஸ் என்ற ஆட்-ஆன், அதாவது பாலிசியோடு காசு கொடுத்துச் சேர்க்கும் வசதி, அந்த ஓட்டையை அடைக்க வந்தது. எவ்வளவு அடைக்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது தேர்ட் பார்ட்டி விஷயம். உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்தான் அது, உங்கள் வண்டிக்கு ஒன்றும் வராது. இரண்டு பாலிசிக்கும் வித்தியாசம் 4,100 ரூபாய். அதற்கு 2,80,000 ரூபாய் வண்டியைக் காப்பாற்றுகிறீர்கள். நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகவில்லை. சென்னையில் இருப்பவர் ஏழு வருட வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டால் நான் பெரிதாக வாதாட மாட்டேன். நீங்கள் இருப்பது கோத்தகிரி. உங்கள் ஊரில் ஒரு காருக்கு என்னென்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையோர மண் அப்படியே வந்து இறங்கும். 2009 நவம்பரில் நீலகிரி பட்டபாடு உங்களுக்கே நினைவிருக்கும். காற்றில் சீகை மரமோ கற்பூர மரமோ நிறுத்திய வண்டிமேல் சாயும். மூடுபனியில் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை குறுக்கே வந்து நிற்கும். ஒரு காட்டெருமை மோதினால் பானெட், ரேடியேட்டர், ஹெட்லைட் மூன்றும் சேர்ந்து போகும். இதில் எதற்கும் எதிராளி கிடையாது. மரத்தின் மீதோ காட்டெருமை மீதோ வழக்குப் போட முடியாது. மண்சரிவும் பாறைச்சரிவும் முழு பாலிசியில் பெயர் சொல்லியே இருக்கின்றன. தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் அத்தனையும் உங்கள் தலையில். ஐ.டி.வி. ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கட்டும், அப்போது கணவர் சொல்வதைக் கேட்கலாம். இப்போது வேண்டாம்.

பம்பரைக் கிளெய்ம் செய்யாதீர்கள். இதை மட்டும் கணக்குப் போட்டே காட்டுகிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் காசை விடுகிறார்கள். பம்பர் பிளாஸ்டிக், அதனால் பாதி தேய்மானமாகக் கழியும்: 4,000-க்கு 2,000 தருவார்கள். பெயின்ட் செலவில் கால்பங்கைப் பொருளாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 1,750 வரும். கூலி 1,000. மொத்தம் 4,750. அதில் 1,500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 போனால் கைக்கு வருவது 3,750 ரூபாய்.

இதற்கு விலை என்ன? கிளெய்ம் செய்யாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் உங்கள் 50 சதவீதத் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், பூஜ்யமாகிவிடும். சொந்த சேதத்துக்கு இப்போது கட்டும் 4,100 அடுத்த மாதமே 8,200 ஆகும். பிறகு வருடாவருடம் 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-க்கு வர முடியும். அந்த ஐந்து முறையும் கூடுதலாகக் கட்டுவது 4,100, 2,460, 2,050, 1,230, 410. கூட்டினால் 10,250. ஐ.டி.வி. குறைந்துகொண்டே வருவதால் நடைமுறையில் கொஞ்சம் குறையலாம். அப்படியே இருந்தாலும் 3,750-ஐ வாங்க எட்டாயிரம், பத்தாயிரம் கொடுப்பதா? கையிலிருந்து 7,000 போட்டு மாற்றிவிடுங்கள். உடைந்த இடம் வெறும் கீறல்தான் என்றால் அதுவும் வேண்டாம், நம் மலையில் கீறலில்லாத பின் பம்பரை நான் பார்த்ததில்லை.

ஜீரோ டெப் என்ற ஆட்-ஆன் எடுத்திருந்தால் இந்தத் தேய்மானக் கழிவு இருந்திருக்காது என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் ஐந்து வயது தாண்டிய வண்டிக்குப் பல கம்பெனிகள் அதைத் தருவதில்லை, தந்தாலும் பிரீமியம் கடிக்கும். உங்களுக்குத் தேவையில்லை.

இனி 350-ஆ 2,900-ஆ என்ற கேள்வி. ஏஜென்ட் சொல்வதை எடுங்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். இரண்டு திட்டத்திலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்: பேட்டரி இறங்கினால் ஜம்ப் ஸ்டார்ட், பஞ்சரானால் ஸ்டெப்னி மாற்றித் தருவது, பெட்ரோல் தீர்ந்தால் கொண்டுவந்து ஊற்றுவது, சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் திறந்து கொடுப்பது, இழுத்துப் போவது. வேலைக்குக் கூலி இல்லை, பொருளுக்கு மட்டும் காசு. ஷோரூம் பேக்கேஜில் ஹோட்டல் அறை, டாக்ஸி என்று கூடுதலாக நாலைந்து வரி இருக்கும். குஞ்சப்பனையில் நிற்கும் உங்களுக்கு ஹோட்டல் அறை எதற்கு, வீடே மேலேதானே இருக்கிறது.

எடுப்பதற்கு முன் மூன்று விஷயத்தைக் கேளுங்கள், வாய்வார்த்தையாக அல்ல, வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில். இலவசமாக இழுக்கும் தூரம் எத்தனை கிலோமீட்டர், அதை எங்கிருந்து எண்ணுவார்கள்? அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப் கோவையில்தான் என்றால், இலவச தூரம் மேட்டுப்பாளையம் தாண்டியதும் தீர்ந்து மீட்டர் ஓட ஆரம்பிக்கும். இரண்டாவது, பள்ளத்தில் இறங்கிய வண்டியை கிரேன் வைத்துத் தூக்குவது அதில் சேருமா? பல திட்டங்களில் சேராது, சாலையில் நிற்கும் வண்டியை ஏற்றுவது மட்டும்தான். மலையில் பெரிய செலவே அந்தக் கிரேன்தான். மூன்றாவது, அவர்களால் வண்டி அனுப்ப முடியாவிட்டால் நானே ஏற்பாடு செய்துகொண்டு பில் கொடுத்தால் பணம் திரும்பி வருமா? வருமென்றால் போனிலேயே புகார் எண் வாங்கிக்கொண்டு, ரசீதில் வண்டி நம்பர் எழுதி வாங்க வேண்டும். துண்டுச்சீட்டில் '7,000 பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். ஹெல்ப்லைனில் பேசுபவர் எங்கோ வேறு மாநிலத்தில் உட்கார்ந்திருப்பார். "குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி, இரண்டு வளைவு மேலே" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. சிக்னல் இருக்கும் இடத்திலேயே போன் மேப்பில் லொகேஷனைப் பிடித்து அனுப்பிவிடுங்கள். சாலையோர கிலோமீட்டர் கல்லையும் படமெடுத்து வையுங்கள்.

ஷோரூம் பேக்கேஜுக்குப் போக இருந்த 2,900 ரூபாயை வைத்து ஒரு காரியம் செய்யலாம். வண்டிக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு ஆரம்பியுங்கள். அந்த 2,900-ஐ அதில் போட்டு, மாதம் 1,500 சேர்த்துக்கொண்டே வந்தால் ஒரு வருடத்தில் 20,900. உங்களுக்கு ஆன மொத்தச் செலவு 16,500 தானே, அது அடங்கிவிடும். இந்தப் பணத்தைச் சீட்டில் போடாதீர்கள், வேண்டும்போது தள்ளி எடுத்தால் கழிவிலேயே கொஞ்சம் போய்விடும். அதோடு டேஷ்போர்டு பெட்டிக்குள் 3,000 ரூபாய் ரொக்கமாக இருக்கட்டும். சிக்னல் இல்லாத வளைவில் ஜிபே வேலை செய்யாது. ரெக்கவரி வண்டிக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க ரொக்கம்தான் உதவும். மேட்டுப்பாளையத்திலும் கோத்தகிரியிலும் ஆளுக்கொரு ரெக்கவரி வண்டிக்காரர் நம்பரை விசாரித்து இப்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். வண்டி நின்ற பிறகு தேடினால் சொன்னதுதான் விலை.

வண்டி நின்ற இடத்தில் நீங்கள் செய்வதும் காசு விஷயம்தான். விபத்தோ பழுதோ நடந்தபின் வண்டியைப் பாதுகாப்பின்றி விட்டுப் போகக்கூடாது, சரிசெய்யாமல் ஓட்டி சேதம் கூடினால் அந்தக் கூடுதல் சேதம் உங்கள் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனை சொல்கிறது. அதனால் "கயிறு கட்டி மெதுவா இறக்கிடலாம்ணா" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பிரேக் பெடல் கல்லுமாதிரி இறுகி மிதிக்கவே கஷ்டமாகும், பவர் ஸ்டீயரிங்கும் கனக்கும். கொண்டை ஊசி வளைவில் முன்வண்டியின் பின்புறத்திலேயே போய் இடிப்பீர்கள். அந்தச் சேதத்துக்குக் கிளெய்ம் கேட்டால் முதல் கேள்வியே 'ஏன் ஓட்டினீர்கள்' என்றுதான் வரும். தட்டையான மேடையுள்ள ரெக்கவரி வண்டியில் ஏற்றுவதுதான் சரி. அது வரும்வரை கியரில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள். போகும்போது அந்தக் கல்லைத் தூக்கி ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். நடுரோட்டில் கிடக்கும் அண்டைக்கல் பின்னால் வரும் பைக்காரனுக்கு எமன். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டென்பது உங்களுக்கே தெரியும், அதனால் இருட்டிய பிறகு இறங்கி நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் 108. பணத்துக்குத் தயங்க வேண்டாம்: தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்திலும் ஒருவருக்கு ஏழு நாள் வரை 1,50,000 ரூபாய்க்குக் கட்டணமில்லா சிகிச்சை உண்டு. எதிராளியின் வண்டிக்குச் சேதம் என்றால், சுற்றி நிற்பவர்கள் "பத்தாயிரம் கொடுத்து முடிச்சுக்கங்க" என்பார்கள். சின்னக் கீறலுக்கு அது பரவாயில்லை. ஆனால் கம்பெனியின் சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்வதோ பணம் கொடுப்பதாகச் சொல்வதோ பாலிசி நிபந்தனைக்கு எதிரானது. பெரிய சேதம் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டு கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.

புதுப்பிக்கும்போது ஏஜென்ட் கொடுக்கும் கொட்டேஷனில் ஐ.டி.வி. 2,80,000 என்றே இருக்கிறதா என்று பாருங்கள். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட அதை 2,20,000 ஆக்கிவிடுவது வழக்கமான வேலை. தேதியைத் தவறவிடாதீர்கள். பாலிசி முடிந்தபின் வண்டியைச் சோதித்துப் பார்க்காமல் கம்பெனி பொதுவாக முழு பாலிசியைப் புதுப்பிக்காது, 90 நாள் தாண்டினால் அந்த 50 சதவீத போனஸும் போய்விடும்.