வாசிக்கும் முன் பாடுங்கள்: வயலின் கற்பித்தல் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஆறு வயது மகளுக்கு முழு அளவு வயலினை வாங்கினால் பல ஆண்டுகள் பயன்படும் என்கிறார்கள். வாங்கலாமா, ஐயா?

பதில்: வேண்டாம், அம்மா. வாசிக்கும் நிலையில் வயலினை வைத்து இடக்கையை நீட்டினால், முழங்கை சற்று மடங்கியிருக்கும்போதே அதன் தலைப்பகுதி உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். அந்த வயதிற்குப் பெரும்பாலும் கால் (1/4) அளவு வயலின்தான் பொருந்தும். பெரிய வயலினை எட்டிப் பிடிக்கும் குழந்தைக்குத் தோள் இறுகிவிடும். அதைத் தளர்த்துவதற்குள் எனக்கும் குழந்தைக்கும் போதும் போதுமென்றாகிவிடும்.

கேள்வி: எனக்கு 58 வயது. ஆறு மாதமாகத் தொடக்கப் பாடமான சரளி வரிசை வாசித்தும் ஸ்வரம் விலகியே நிற்கிறது. விரல் வைக்கும் இடங்களில் அடையாளத் தாள் ஒட்டிக்கொள்ளலாமா?

பதில்: சிறு குழந்தைகளுக்குச் சில வாரங்கள் அதை அனுமதிக்கிறேன்; தங்களுக்கு வேண்டாம். தோடி ராகத்தின் காந்தாரம், அதாவது ‘க’ ஸ்வரம், ஓரிடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருப்பது. அதற்கு எந்த இடத்தில் தாளை ஒட்டுவது? ஓய்வு பெற்றபின் கற்க வந்த ஒருவரிடம், வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தம்புராவோடு பாடச் சொன்னேன். அவர் பாடிய காந்தாரமே இறங்கி இருந்தது. விரல் அதைத்தான் அப்படியே பின்பற்றியிருக்கிறது. பாட்டைத் திருத்திய மூன்றாம் வாரம் விரலும் திருந்தியது.

தாங்களும் ஒவ்வொரு வரியையும் பாடிவிட்டு வாசியுங்கள். சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளையில் ரிஷபம் (ரி) ஸட்ஜத்தை (ஸ) ஒட்டியும் காந்தாரம் மத்யமத்தை (ம) ஒட்டியும் நிற்பதைப் போலவே, தைவதம் (த) பஞ்சமத்தையும் (ப) நிஷாதம் (நி) மேல் ஸட்ஜத்தையும் ஒட்டி நிற்கின்றன. ஆகவே ஸட்ஜத் தந்தியில் ‘ஸரிகம’ வாசித்த அதே விரலமைப்பைப் பஞ்சமத் தந்திக்கு மாற்றினால் ‘பதநிஸ’ வந்துவிடும். தொடக்க ராகமாக இது வாய்த்தது வயலின் கற்பவர்களுக்குப் பெரும் கொடை என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: லண்டனில் எட்டு ஆண்டுகள் மேற்கத்திய வயலின் கற்ற என் மகன் கர்நாடக இசைக்கு வர விரும்புகிறான். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: தொடங்கத்தான் வேண்டும், ஆனால் விரைவில் முன்னேறுவார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், ஐரோப்பிய முறையில் வயலின் கற்ற பிறகே அதை நம் இசைக்குக் கொண்டுவந்தார். தங்கள் மகன் தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சேர்க்கவும், தரையில் சம்மணமிட்டு வயலினின் தலையை வலது கணுக்காலருகே தாங்கவும் பழக வேண்டும். வயலினைத் தாங்கும் வேலை இடக்கைக்கு இல்லாததால்தான் அது தந்தி முழுவதும் ஜாருவாக வழுக்கிச் செல்ல முடிகிறது. மேற்கத்தியப் பழக்கத்தால் நீண்ட ஸ்வரங்களில் தானாகவே வரும் விரல் நடுக்கத்தை (வைப்ராட்டோ) முதல் சில மாதங்களுக்கு அறவே நிறுத்தச் சொல்லுங்கள். அது இருக்கும்வரை, ஸ்வரத்தை அசைத்து இசைக்கும் கமகம் தெளிவாக வராது.

கேள்வி: மூட்டுவலியால் தரையில் அமர இயலாதவர் என்ன செய்வது?

பதில்: நாற்காலியில் அமர்ந்து தாடையால் பிடித்து வாசிக்கலாம். ஜாருவின்போது நழுவாதிருக்கத் தோள்தாங்கி அவசியம்.

கேள்வி: என் வகுப்பில் ஏழு வயதுச் சிறுவனும் அறுபது வயதுப் பெரியவரும் ஒன்றாகக் கற்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

பதில்: எல்லோருடைய வயலினையும் ஒரே சுருதியில் சேர்த்துவிட்டு, வெறுந்தந்தியில் நீண்ட வில் இழுக்கும் பயிற்சியைப் பத்து நிமிடம் சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். பின்னர் ஒருவர் தமது பாடத்தை வாசிக்க, மற்றவர்கள் தாளமிட்டு அதையே மெல்லப் பாடட்டும். என் வகுப்பில், மேல்நிலைப் பாடமான வர்ணம் வாசித்த ஒருவரின் நிஷாதம் விலகியதை முதலில் உணர்ந்து நிமிர்ந்து பார்த்தவன், அப்போதுதான் சரளிக்கு அடுத்த பாடமான ஜண்டை வரிசையைத் தொடங்கியிருந்த சிறுவன்.