செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனர் பி0131 என்கிறது: ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் சரியாகிவிடுமா?

பெட்ரோல் கார், செக் இன்ஜின் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது, ஸ்கேனரில் பி0131, பி0171 என்று இரண்டு எரர் கோட் வருகின்றன, மைலேஜ் குறைந்திருக்கிறது, முன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகலாம். ஆனால் இப்போதைக்கு மாற்றாதீர்கள். இதே இரண்டு கோட் என் காரில் வந்தபோது நானும் முதல் வேலையாகச் சென்சாரைத்தான் மாற்றினேன். மூன்றாம் நாள் விளக்கு திரும்ப எரிந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்களே, அந்தக் கதைதான். சென்சார் தான் பார்த்ததைச் சொன்னது. அது பார்த்ததிலேயே வேறு ஏதோ கலந்திருந்தது.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மட்டும்தான் அளக்கிறது. அதன் முனையில் ஜிர்கோனியா என்ற பீங்கான் போன்ற பொருளால் ஆன சிறு குப்பி இருக்கிறது. குப்பிக்கு வெளியே புகை, உள்ளே வெளிக்காற்று. இரண்டு பக்கமும் ஆக்சிஜன் அளவு எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் கூடுதலாக எரிந்து புகையில் ஆக்சிஜன் இல்லாமல் போனால் 0.8, 0.9 வோல்ட் காட்டும். மெக்கானிக்குகள் இதை ரிச் என்பார்கள். காற்று கூடி ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கும். அது லீன். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சரியான கலவையில் சுமார் 0.45-ஐத் தாண்டிப் போகும். நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினில் இந்த எண் ஒரே இடத்தில் நிற்காது, மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும், அதற்கேற்ப இதுவும் ஆடும்.

இந்த வேலை நடக்க முனை 300 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். 1976-ல் பாஷ் செய்த சென்சாருடன் முதன்முதலாக வோல்வோ கார்கள் வந்தபோது, அந்தச் சூட்டைப் புகையே கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது உள்ளேயே ஒரு ஹீட்டர் இருக்கிறது. நாலு வயர் வருவது அதனால்தான்: இரண்டு ஹீட்டருக்கு (பெரும்பாலும் இரண்டும் ஒரே நிறம்), ஒன்று சிக்னல், ஒன்று எர்த்.

சரி, உங்கள் கோட்களுக்கு வருவோம். பி0131 என்றால் முன் சென்சாரின் வோல்டேஜ் தாழ்வாகவே இருக்கிறது என்று பொருள். பி0171 என்றால் கலவை லீன், பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் சரியாகவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. இரண்டில் எதுவும் "சென்சார் கெட்டுவிட்டது" என்று சொல்லவில்லை. புகையில் ஆக்சிஜன் அதிகமாகத் தெரிகிறது என்பது மட்டும்தான் செய்தி. அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நாம் தேட வேண்டும்.

என் காரில் நடந்ததைச் சொல்கிறேன். சென்சாரை மாற்றியும் விளக்கு எரிந்த பிறகுதான், முன்பே கண்ணில் பட்டும் கவனிக்காமல் விட்ட ஒன்று உறைத்தது. சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டால் கரி அப்பிக்கொண்டு வந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நாலுமே மைபோலக் கறுப்பு. லீன் என்று கோட் கத்துகிறது, பிளக்கோ பெட்ரோல் அதிகமாகக் குடித்த இன்ஜினின் பிளக். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. உண்மையில் லீனாக ஓடும் இன்ஜினில் பிளக் வெளுத்திருக்கும். அப்படியானால் இன்ஜினுக்குள் லீன் இல்லை, சென்சார் இருக்கும் இடத்தில் மட்டும்தான் லீன்.

அடுத்த நாள் விடியற்காலை, இன்ஜின் முழுக்க ஆறியிருந்தபோது, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். முதல் ஒன்றிரண்டு நிமிடம், சிலிண்டர்களின் புகையை ஒன்றாகச் சேர்க்கும் குழாயான மேனிஃபோல்ட் பக்கமிருந்து டிக் டிக் என்று மெல்லிய சத்தம். ஆக்சிலேட்டரைத் தொட்டால் அதற்கேற்ற வேகத்தில் கூடியது. உலோகம் சூடாகி விரிந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. பகலில் சூடான இன்ஜினைப் பார்த்தவர்கள் காதுக்கு அது எட்டாமல் போனதற்குக் காரணம் இதுதான். வண்டி ஆறியதும் வேக்யூம் கிளீனரின் ஊதும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் துணி சுற்றிப் பொருத்தி, காற்றை உள்ளே விட்டு, மேனிஃபோல்ட் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். நான்காவது சிலிண்டரின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் ஓரத்தில் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அதற்கு நேர் எதிரே வெப்பத் தகட்டில் சுண்டுவிரல் அகலத்துக்குக் கரிக்கோடு. அத்தனை நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

புகை வெளியே கசிந்தால் சென்சாருக்கு எப்படிக் காற்று போகும் என்று கேட்பீர்கள். புகை குழாயில் ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடுவதில்லை, துடிப்பு துடிப்பாக வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் ஒரு நொடியின் சிறு பகுதிக்கு அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைகிறது. அப்போது ஓட்டை வழியே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து லீன் என்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் போகிறது, பிளக் கறுக்கிறது. சென்சார் புதிதானாலும் பழையதானாலும் இதே கதைதான். கேஸ்கெட்டை மாற்றிய பிறகு என் காரில் அந்தக் கோட் வரவே இல்லை.

மிஸ்ஃபயரும் இதே மாதிரி ஏமாற்றும். ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழவில்லை என்றால் அதில் போன காற்று எரியாமல் அப்படியே வெளியே வரும். பெட்ரோலும் எரியாமல்தான் வருகிறது, ஆனால் சென்சாருக்கு ஆக்சிஜன்தான் தெரியும், அதனால் லீன் என்றே சொல்லும். பி0300, பி0301 மாதிரி ஏதாவது கோட் கூட இருந்தால் முதலில் பிளக்கையும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலையும் பாருங்கள்.

இனி உங்கள் வண்டியில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் பியூயல் ட்ரிம் இரண்டையும் பாருங்கள். என்னைக் கேட்டால் சென்சார் வோல்டேஜை விட முக்கியமான எண் இதுதான், இன்ஜினின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது போல. கம்ப்யூட்டர் வழக்கத்தை விட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதை அது காட்டும். இரண்டையும் கூட்டினால் ஐந்து, பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் ஒரு தடவை, 2500 ஆர்பிஎம்மில் பிடித்து ஒரு தடவை, ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பார்த்து ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். ஐட்லிங்கில் +20, 2500-இல் +5 என்று இறங்கினால் எங்கோ காற்று புகுகிறது: காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் வெடித்த வேக்யூம் ஹோஸ், அல்லது எனக்கு நடந்தது போல புகை வெளியேறும் எக்சாஸ்ட் பக்கக் கசிவு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில்தான் பிளக்கின் நிறம் கைகொடுக்கும். மாறாக, சுமை ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதுமான அளவு வரவில்லை: பம்ப், ஃபில்டர், அடைத்த இன்ஜெக்டர், அல்லது காற்றைக் குறைத்துக் காட்டும் ஏர் ஃப்ளோ சென்சார்.

அடுத்து, சென்சாருக்கு உயிர் இருக்கிறதா என்று சோதிப்பது. திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சூடான இன்ஜினில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று அமுக்கி விடுங்கள். அமுக்கும்போது வோல்டேஜ் 0.8-க்கு மேல் பாய வேண்டும், விட்டதும் பெட்ரோல் நின்று பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். இரண்டு பக்கமும் சட்டென்று ஓடினால் உங்கள் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, அது சொல்வதை நம்பிக் கசிவைத் தேடுங்கள். என்ன செய்தாலும் 0.1-இலேயே கிடந்தால் சென்சார் மீதும் வயர் மீதும் சந்தேகப்படலாம். ஏறுகிறது, ஆனால் சோம்பலாக ஏறுகிறது என்றால் அது வயதான சென்சார். அதற்கு வழக்கமாக வரும் கோட் பி0133.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன வோல்டேஜ் கணக்கெல்லாம் பழைய, சாதாரண வகைக்குத்தான். புதிய கார்கள் பலவற்றில் முன்பக்கம் இருப்பது வைட்பேண்ட் அல்லது ஏர் ஃப்யூயல் சென்சார். அது 0-க்கும் 1-க்கும் நடுவே ஆடாது. ஸ்கேனரில் லாம்டா என்றோ, ஒன்றரை, மூன்று வோல்ட் என்றோ வரும், அதில் வோல்டேஜ் ஏறினால் லீன், அதாவது தலைகீழ். ஐந்தாறு வயர் இருந்தால் பெரும்பாலும் அதுதான், ஆனால் நாலு வயரிலும் உண்டு. உங்கள் வண்டியில் எது என்று சர்வீஸ் கையேட்டில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். நல்ல வைட்பேண்ட் சென்சாரை "ஆடவே இல்லை" என்று சொல்லித் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

வயரிங் சோதனை சுலபம், ஆனால் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. நாலு வயர் சாதாரண வகையில் கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து ஸ்கேனரைப் பாருங்கள். பல வண்டிகளில் கம்ப்யூட்டரே 0.45 வோல்ட் போல ஒன்றை அந்த வயரில் வைத்திருக்கும். கழற்றியதும் அந்த எண் வந்தால் கம்ப்யூட்டர் வரைக்கும் வயர் சரி. கழற்றிய பிறகும் பூஜ்யமே காட்டினால் சிக்னல் வயர் எங்கோ உரசி எர்த் ஆகியிருக்கிறது. சூடான குழாயில் பட்டு இன்சுலேஷன் உருகிய இடத்தை விரல் நுனியாலேயே கண்டுபிடித்துவிடலாம், இன்ஜின் ஆறிய பிறகு. ஹீட்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள், பெரும்பாலான சென்சார்களில் சில ஓம்கள் முதல் பதினைந்து இருபது ஓம் வரை இருக்கும். முடிவிலி காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது, அப்போது பி0135 வர வேண்டும். சிக்னல் வயரில் மட்டும் ஓம் வைத்துப் பார்க்காதீர்கள், மீட்டர் அனுப்பும் மின்சாரம் முனையைக் கெடுக்கலாம். வயரில் ஊசி குத்தி அளப்பதும் வேண்டாம், அந்தத் துளை வழியே ஈரம் இறங்கும். கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய முனையை நுழைத்து அளந்தால் போதும்.

கனெக்டருக்குள் ஸ்ப்ரே, கிரீஸ் எதுவும் போடாதீர்கள். குப்பிக்கு உள்ளே வெளிக்காற்று வேண்டும் என்றேன் அல்லவா? பல சென்சார்களில் அந்தக் காற்று வயர் இழைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு வழியாகத்தான் போகிறது. எண்ணெய் போய் அடைத்தாலோ, அதன் ஆவி உள்ளே போனாலோ, நல்ல சென்சாரே தாழ்ந்த வோல்டேஜ் காட்ட ஆரம்பித்துவிடும்.

இதெல்லாம் பார்த்துவிட்டுச் சென்சார்தான் என்று தெரிந்தால் தாராளமாக மாற்றுங்கள். இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது, வயர் போக வழிவிட்ட 22 எம்எம் சாக்கெட்டால் கழற்றுங்கள், சில மணி நேரம் முன்பே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். கழற்றியதன் முனையைக் கட்டாயம் பாருங்கள். சாம்பல் போல வெளுத்த படிவு இருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது, அல்லது யாரோ சாதாரண சிலிக்கோன் சீலன்ட் பூசியிருக்கிறார்கள். அதைத் தீர்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். புதியதன் மரையில் பெரும்பாலும் இறுகாமல் இருப்பதற்கான பசை ஏற்கெனவே பூசி வரும். முனையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின் சென்சாரையும் சேர்த்து மாற்றச் சொன்னால், வேண்டாம். உங்கள் இரண்டு கோட்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் முக்கியமாக இருக்கிறது.

ஐட்லிங்கிலும் 2500-இலும் ட்ரிம் எவ்வளவு, பிளக் என்ன நிறம், காலையில் முதல் ஸ்டார்ட்டில் சத்தம் உண்டா என்ற மூன்றையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். கிளம்பும் முன் அந்த வெப்பத் தகட்டில் ஒரு தடவை டார்ச் அடித்தும் பாருங்கள்.