மழை மாறிவிட்டது, பாசனம் எப்படி மாற வேண்டும்? சிறு விவசாயிகளுக்கான கேள்வி – பதில்

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கத் தண்ணீரை எப்படிக் கையாள வேண்டும் என்று வாசகர்கள் கேட்டவற்றில், பலருக்கும் பொதுவாக இருந்த சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவை எந்தக் கருவியை வாங்கலாம், எதை வெட்டலாம், எதைக் கட்டலாம் என்றே தொடங்குகின்றன. நிலத்துக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது, அது எந்த வழியில் போகிறது என்ற கணக்கைப் போட்ட பிறகே அதையெல்லாம் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உலகில் உள்ள பண்ணைகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை இரண்டு ஹெக்டேருக்குக் குறைவானவை. அத்தனை சிறிய நிலத்தை நம்பி வாழும் குடும்பத்தால் ஒரு தவறான முதலீட்டைக்கூடத் தாங்க முடியாது.

கேள்வி: ஆண்டு மழையளவு ஏறக்குறைய முன்புபோலவே இருக்கிறது. ஆனாலும் பயிர் நடுவில் வாடிவிடுகிறது. ஏன்?

ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. அதனால் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு அதிகரிக்கிறது. பல பகுதிகளில் இரண்டு மழைகளுக்கு இடைப்பட்ட வறண்ட நாட்களும் நீள்கின்றன. கொட்டுகிற மழையை மண் அதே வேகத்தில் குடிக்க முடியாது. மணல் நிலம் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் உள்வாங்கும். கனத்த களிமண் நிலமோ மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர்தான் உள்வாங்கும். ஆகவே 40 மில்லிமீட்டர் மழை நான்கு நாட்களில் பரவலாகப் பெய்தால் களிமண் நிலத்தின் வேர்ப்பகுதிக்கு அதில் பெரும்பங்கு இறங்கிவிடும். அதே மழை ஒரு மணி நேரத்தில் கொட்டினால் பெரும்பங்கு மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு வழிந்தோடிவிடும். பதிவேட்டில் இரண்டும் 40 மில்லிமீட்டர்தான், பயிருக்கு இரண்டும் ஒன்றல்ல. இதற்கு மேல், வெயில் கூடக்கூட நிலத்திலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகும் நீரும் கூடுகிறது.

ஒரு வயலில் ஒரு பருவத்தில் பயிர் வாடியதற்குப் பருவநிலை மாற்றமே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் நிலத்தின் போக்கை நீங்களே பதிவு செய்யலாம். அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள பாத்திரம் ஒன்றை மரநிழலோ கூரையோ இல்லாத திறந்த இடத்தில் வைத்து, மழை விட்டதும் உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் அதுவே மழையளவு. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். அளவோடு தேதியையும், எவ்வளவு நேரம் பெய்தது என்பதையும், முந்தைய மழைக்குப் பின் எத்தனை நாள் காய்ந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: பத்துக்குப் பத்து மீட்டரில், மூன்று மீட்டர் ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டப் போகிறேன். ஒரு ஏக்கர் மானாவாரிப் பயிருக்கு அது போதுமா?

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி 300 கன மீட்டர், அதாவது மூன்று லட்சம் லிட்டர் கிடைக்கும் என்று எண்ணியிருப்பீர்கள். கரை சரியாமல் இருக்கப் பக்கங்களைச் சாய்வாகத்தான் வெட்ட வேண்டும். ஒரு மீட்டர் கீழே இறங்க ஒரு மீட்டர் உள்வாங்கும்படி வெட்டினால், அடித்தளம் நான்குக்கு நான்கு மீட்டராகச் சுருங்கி, கொள்ளளவு 156 கன மீட்டர்தான் வரும். ஒரு ஏக்கருக்கு 40 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒருமுறை தண்ணீர் பாய்ச்ச ஏறக்குறைய 160 கன மீட்டர் தேவை. ஆக, முழுதாக நிரம்பிய குட்டை உங்களுக்குத் தருவது ஒரே ஒரு பாசனம்.

அந்த ஒரு பாசனம் அற்பமானதன்று. பூக்கும் பருவத்தில் கிடைத்தால் விளைச்சலையே காப்பாற்றும். ஆனால் குட்டை நிரம்புமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 40 மில்லிமீட்டர் மழையில் கால்பங்கு வழிந்தோடி வருவதாகக் கொண்டால், ஒரே மழையில் இந்தக் குட்டை நிரம்ப ஏறக்குறைய நான்கு ஏக்கர் நிலத்துத் தண்ணீர் அதில் வந்து சேர வேண்டும். உங்கள் நிலம் அவ்வளவு இல்லையென்றால் மேல்பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசி, தண்ணீர் வரும் வழியை இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே மண்வெட்டியைக் கையில் எடுங்கள்.

இழப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வெப்பமான வறண்ட நாட்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாவது சாதாரணம். நிரம்பிய நிலையில் இந்தக் குட்டையில் அது தினம் 500 லிட்டர். பல மண்களில் அடியில் கசிவது இதைவிட அதிகம். குட்டைக்குள் அளவு குறித்த கம்பு ஒன்றை நட்டு, மழையில்லாத சில நாட்கள் காலையில் ஒரே நேரத்தில் நீர்மட்டத்தைப் பார்த்து வந்தால், நாளுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதெல்லாம் பெரும்பாலும் கசிவு என்று தெரிந்துவிடும். மணற்பாங்கான இடத்தில் பிளாஸ்டிக் விரிப்பு போடாத குட்டை, தண்ணீரைத் தேக்கி வைக்காமல் நிலத்தடிக்கு அனுப்பிவிடும். கிணறு அருகில் இருந்தால் அதுவும் நல்லதுதான். எதற்காக வெட்டுகிறோம் என்பது முதலிலேயே தெளிவாக இருக்க வேண்டும்.

நீர் நுழையும் இடத்துக்கு முன்னால் வண்டல் தங்கச் சிறு குழி ஒன்றும், உபரி நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கல் பதித்த வழி ஒன்றும் அவசியம். சுற்றிலும் வேலி போடுங்கள். உள்ளே தவறி விழுந்தவர் பிடித்து ஏற முடிச்சுப் போட்ட கயிற்றைக் கரையில் உறுதியாகக் கட்டி வையுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குட்டையின் பக்கங்கள் வழுக்கும். நீச்சல் தெரிந்த பெரியவராலும் ஏற முடியாமல் போகலாம். குழந்தைகள் நடமாடும் இடத்தில் வேலியில்லாத குட்டையை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: குட்டை வெட்டவும் வசதியில்லை. நிலம் சரிவாகவும் இறுகியும் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாஸோவில் யாக்கூபா சவடோகோ என்ற விவசாயி 1980களின் வறட்சிக் காலத்தில் செய்து காட்டிய முறையைப் பாருங்கள். அங்கே வழிவழியாக இருந்த ‘ஸாய்’ என்ற குழி முறையை அவர் மேம்படுத்தினார். குழிகளை இன்னும் அகலமாகவும் ஆழமாகவும் வெட்டி, மழைக்கு முன்பே அவற்றில் எருவை இட்டார். எருவைத் தேடி வந்த கரையான்கள் இறுகிய மண்ணைத் துளைத்து நீர் இறங்க வழி செய்தன. பொதுவாக இந்தக் குழிகள் 20 முதல் 40 சென்டிமீட்டர் அகலமும் 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழமும் இருக்கும். வெட்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கத்தில் பிறைபோல் அணைத்து, மழை தொடங்கியதும் குழிக்குள்ளேயே சோளமோ கம்போ விதைக்கிறார்கள். இந்தப் பணிக்காக அவருக்கு 2018இல், ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

இதற்குப் பணத்தைவிட உடலுழைப்பு மிக அதிகம் தேவை. வெட்ட ஆள் இல்லாத குடும்பம் ஒரே கோடையில் ஒரு ஏக்கரை முடிக்க நினைக்க வேண்டாம், ஆண்டுக்குக் கொஞ்சமாக விரிவாக்கலாம். நல்ல மழை பெய்யும் இடங்களில் குழிகளில் நீர் தேங்கி வேர் அழுகும் என்பதால், ஆண்டு மழை 800 மில்லிமீட்டருக்கு மேல் உள்ள பகுதிகளுக்கு இதை நான் சொல்வதில்லை. அங்கெல்லாம் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் கல் வரப்போ புல் வரப்போ போடுவது மேல். மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் போதும். ஆனால் அதைக் கண்ணளவில் மட்டும் செய்யாதீர்கள்: வரப்பு ஓரிடத்தில் தாழ்ந்துவிட்டால் மொத்த நீரும் அங்கே திரண்டு ஓடை பறித்துவிடும்.

கேள்வி: சொட்டுநீர்ப் பாசனம் போட்ட பிறகும் கிணற்றின் நீர்மட்டம் ஆண்டுதோறும் இறங்குகிறது. கருவியில் கோளாறா?

கோளாறு பெரும்பாலும் கணக்கில்தான் இருக்கும். வாய்க்கால் பாசனத்தில் பாய்ச்சும் நீரில் சுமார் 60 சதவீதமும், சொட்டுநீரில் சுமார் 90 சதவீதமும் வேர்ப்பகுதியில் தங்கும் என்பது பொதுவான திட்ட அளவு. வாய்க்கால் பாசனத்தில் ‘வீணான’ 40 சதவீதத்தில் ஒரு பகுதி கீழே இறங்கி, உங்கள் கிணற்றுக்கோ பக்கத்துக் கிணற்றுக்கோ திரும்பிக்கொண்டிருந்தது. இப்போது அந்தத் திரும்பு நீர் குறைந்துவிட்டது. மிச்சமான தண்ணீர் கண்ணில் பட்டதும் கூடுதல் நிலத்தில் பயிர் வைத்திருந்தாலோ, அதிகத் தண்ணீர் கேட்கும் பயிருக்கு மாறியிருந்தாலோ, மொத்தத்தில் முன்பைவிட அதிக நீரே ஆவியாகிப் போகிறது. பாசனத் திறன் கூடியும் நீர் மிஞ்சாத இந்த முரணைப் பற்றி 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த கட்டுரை உலக அளவில் கவனம் பெற்றது.

சொட்டுநீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளைச்சல் சீராக வரவும், களை குறையவும், ஆள் தேவை குறையவும் அது உதவுகிறது. நீர்மட்டம் நிலைக்க வேண்டுமானால் இறைக்கும் அளவுக்கும் ஒரு வரம்பு வேண்டும். 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 40 நொடி என்றால் உங்கள் பம்பு மணிக்கு 18,000 லிட்டர் இறைக்கிறது. மோட்டார் ஓடிய மணிகளைக் குறித்து வந்தால் பருவத்தின் மொத்தக் கணக்கு கையில் இருக்கும். சோலார் பம்பு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இறைக்கச் செலவே இல்லாதபோது மோட்டாரை நிறுத்தச் சொல்லி எதுவும் நினைவூட்டாது.

கேள்வி: நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடச் சொல்கிறார்கள். விளைச்சல் குறையாதா?

முறையாகச் செய்தால் குறையாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு எளிய வழி ஒன்றைப் பரவலாக்கியிருக்கிறது. 30 சென்டிமீட்டர் நீளமும் 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் இறக்கி, உள்ளே உள்ள மண்ணை அள்ளி எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தெரியும் நீர், மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனதும் மறுபடி 5 சென்டிமீட்டர் நிற்கும்படி பாய்ச்சலாம். மேலே வயல் காய்ந்து லேசாக வெடித்துத் தோன்றினாலும், குழாயில் நீர் அந்த அளவுக்கு மேலே தெரிந்தால் வேருக்குத் தண்ணீர் எட்டுகிறது என்று பொருள்; அந்தத் தோற்றத்தைக் கண்டு அவசரப்பட வேண்டாம்.

நட்ட முதல் இரண்டு வாரம் இதைத் தொடங்காதீர்கள். களை அதிகமிருந்தால் இன்னும் தள்ளிப்போடுங்கள். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை வயலில் நீர் நிற்கட்டும். நீர்த்தேவை 30 சதவீதம் வரை குறையலாம். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேன் வாயுவும் வயல் இடையிடையே காய்வதால் கணிசமாகக் குறைகிறது. உவர் நிலத்தில் மட்டும் இது வேண்டாம். நீர் வற்றும்போது உப்பு மேலேறும்.

கேள்வி: கருவி இல்லாமல் மண் ஈரத்தை அறிய முடியுமா?

முடியும், ஆனால் மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கடப்பாரையால் 15 சென்டிமீட்டரிலும் 30 சென்டிமீட்டரிலும் மண் எடுத்து உள்ளங்கையில் இறுகப் பிடியுங்கள். உருண்டை பிடித்து, கையில் ஈரத்தடம் பதிந்தால் பாசனத்துக்கு அவசரமில்லை. உருண்டை பிடித்தும், சற்று மேலே எறிந்து பிடித்தால் உடைகிறது என்றால், மணலும் களியும் கலந்த இருமண் நிலத்தில் அதுவே பாய்ச்சும் தருணம். பொலபொலவென்று உதிர்ந்தால் தாமதமாகிவிட்டது. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ உருவாக்கிய ‘கமீலியன்’ என்ற எளிய உணரி, ஈரமிருந்தால் நீலம், நடுத்தரம் பச்சை, காய்ந்தால் சிவப்பு என்று விளக்கால் காட்டுகிறது. தான்சானியா, மொசாம்பிக், ஜிம்பாப்வே நாடுகளின் சிறு பாசனத் திட்டங்களில் அதைப் பயன்படுத்திய விவசாயிகள் பலர், தாங்கள் தேவைக்கு மேல் பாய்ச்சி உரத்தைக் கீழே கரைத்துவிட்டதை உணர்ந்து பாசன இடைவெளியை நீட்டினார்கள்; நீர் மிஞ்சியது, விளைச்சலும் கூடியது.

கேள்வி: மண்ணில் கரிமச்சத்தைக் கூட்டினால் ஏக்கருக்கு லட்சக்கணக்கான லிட்டர் கூடுதல் நீரைப் பிடித்து வைக்கும் என்பது உண்மையா?

மிகைப்படுத்தப்பட்ட கூற்று. கரிமம் ஒரு சதவீதம் கூடினால், பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீர் சராசரியாக மண்ணின் கனஅளவில் ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் கூடுகிறது. மேல் 30 சென்டிமீட்டருக்கு அது ஏக்கருக்கு ஏறத்தாழ 14,000 லிட்டர். ஒரு சதவீதம் கூட்டவே பல ஆண்டுகள் ஆகும். ஆனாலும் மூடாக்கும் தொழுவுரமும் கட்டாயம் வேண்டும் என்பேன்: அவை மழை விழும் வேகத்தைத் தணித்து, மண் இறுகாமல் காத்து, கொட்டும் மழையை உள்ளே இறங்கச் செய்கின்றன.

கேள்வி: ஒரு பாசனத்துக்கு மட்டுமே நீர் மிச்சமிருந்தால் எப்போது விடுவது?

பூப்பதிலிருந்து மணியோ காயோ பிடிக்கும் வரையுள்ள காலத்துக்கு வைத்திருங்கள். மக்காச்சோளத்தில் பட்டிழை வரும்போதும், நிலக்கடலையில் விழுது இறங்கும்போதும் ஏற்படும் வறட்சியைப் பின்னால் எவ்வளவு பாய்ச்சினாலும் ஈடுகட்ட முடியாது. முழு நிலத்துக்கும் போதாது என்றால், நன்றாக நிற்கும் பகுதிக்கு மட்டும் தேவையான அளவு கொடுங்கள்.

கேள்வி: ஒரே வாய்க்காலில் பலர் பாய்ச்சுகிறோம். வறட்சி ஆண்டில் கடைமடைக்கு நீர் வருவதில்லை. தீர்வு உண்டா?

பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009இல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் நேபாளத்துப் பாசன அமைப்புகளை ஆராய்ந்தபோது, விவசாயிகளே வெட்டி நிர்வகித்த எளிய வாய்க்கால்கள், அரசு கட்டி நிர்வகித்த நவீன வாய்க்கால்களைவிடக் கடைமடைக்குச் சிறப்பாக நீர் சேர்ப்பதைக் கண்டார். ஆண்டுதோறும் பழுதுபார்க்க வேண்டிய தடுப்பணைகளுக்குக் கடைமடைக்காரரின் உழைப்பும் தேவைப்பட்டதால், தலைமடைக்காரர் அவர்களுக்கு நீர் விட்டே ஆக வேண்டியிருந்தது. நிரந்தரக் கட்டுமானம் வந்ததும் அந்தத் தேவை பல இடங்களில் மறைந்தது.

ஆகவே தூர்வாரும் வேலையையும் நீர்ப் பங்கையும் ஒன்றாகப் பிணையுங்கள். நீர் நிறைந்த ஆண்டுக்கு ஒரு பங்கீட்டு முறை, குறைந்த ஆண்டுக்கு வேறு பங்கீட்டு முறை என்று இரண்டையும் விதைப்புக்கு முன்பே எழுதி வையுங்கள். குறைந்த ஆண்டில் ஒவ்வொருவரும் எவ்வளவு பரப்பில் பயிர் வைப்பது என்பதும் அதில் இருக்கட்டும். மடை திறப்பவர் நேரத்தைக் குறிக்கும் நோட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பொது இடத்தில் வைக்க வேண்டும். கடைமடைக்காரர்கள் வராத கூட்டத்தில் முறையை முடிவு செய்யாதீர்கள். அவர்கள் வரும்வரை கூட்டத்தை ஒத்திவையுங்கள்.