பொறிப்பு வேலை செய்த பழைய டிகேண்டர்கள்: கேள்வி பதில்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஒயின் டிகேண்டர்களை, அதாவது ஒயினை மாற்றி ஊற்றிப் பரிமாறும் கண்ணாடிக் குடுவைகளைப் பற்றி நீங்கள் கேட்டவை, என் பதில்களோடு.

பாட்டிலிலிருந்தே ஊற்றினால் என்ன? தனிக் குடுவை எதற்கு?

வண்டல்தான் காரணம். போர்ட் ஒயினில் அது நிறையவே தங்கும். ரசத்தைத் தெளிவாக இறுப்பது போல, கலங்காமல் மேலாக மாற்றி மேசைக்குக் கொண்டுவருவார்கள்.

ஒரு படத்தில் 'கிளாரெட்' என்ற எழுத்துக்கு மேலே கழுத்தைச் சுற்றிச் சங்கிலி பொறித்திருக்கிறது. அது எதற்கு?

அப்போது டிகேண்டரின் கழுத்தில் ஒயின் பெயர் எழுதிய வெள்ளித் தகட்டைச் சங்கிலியில் மாட்டுவது வழக்கம். 1750களில் அந்தத் தகட்டையே கண்ணாடியில் பொறிக்கத் தொடங்கினார்கள். சங்கிலியையும் விடவில்லை! சுற்றிலும் திராட்சைக் கொத்து, கொடி. போர்ட், மதீரா மட்டுமல்ல, பீர், சைடர் என்று எழுதியவையும் உண்டு.

எதைக்கொண்டு பொறித்தார்கள்?

சுழலும் சிறு செம்புச் சக்கரம், எண்ணெயில் குழைத்த எமரி என்ற கடினமான தேய்ப்புப் பொடி. வெட்டுவது பொடிதான், செம்பு அதைச் சுமக்கிறது, அவ்வளவே.

வரிக்கும் இதற்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. 1745ஆம் ஆண்டுச் சட்டம் கண்ணாடி மூலப்பொருளின் எடைக்கு வரி போட்டது. டிகேண்டர் செய்த ஈயம் கலந்த கண்ணாடியோ கனமானது. ஆழமாகப் பட்டை வெட்டத் தடித்த சுவர் வேண்டும், மேலோட்டமான பொறிப்புக்கு மெல்லிய சுவரே போதும், வரியும் குறையும். அயர்லாந்தில் 1825 வரை இந்த வரி இல்லை.

ரோஜாவும் மொட்டும் பொறித்த டிகேண்டர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள். நாடிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை ஆதரித்த ஜாக்கோபைட்டுகளின் சின்னம் அது. அதனாலேயே விலை எகிறும், போலியும் பெருகும். கண்ணாடி உண்மையிலேயே பழையதாக இருக்கும், ரோஜா மட்டும் பிற்காலத்தில் ஏறியிருக்கும். இந்த ஏமாற்றுதான் எளிதில் பிடிபடாது. லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருநூறு வருடப் புழக்கத்தின் கீறல்கள் பொறிப்பின் மேலேயும் ஓட வேண்டும். பொறிப்பு பழைய கீறலை வெட்டிக்கொண்டு போனால், அது பின்னால் வந்த வேலை. கோடுகள் மாவு பூசியது போல் வெள்ளை வெளேரென்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அடிப்பாகத் தேய்மானம் பல திசையில் இருக்க வேண்டும். ஒரே திசையில் வரிவரியாக இருந்தால், யாரோ உப்புத்தாளில் தேய்த்திருக்கிறார்கள். நான் பூவைக் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

மூடி ஆடுகிறது. பரவாயில்லையா?

வேறொரு டிகேண்டரின் மூடியாக இருக்கலாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

அதில் ஒயினை வைத்துக் குடிக்கலாமா?

விருந்து நேரத்துக்கு ஊற்றிப் பரிமாறலாம். வாரக்கணக்கில் வைக்காதீர்கள், கண்ணாடியிலுள்ள ஈயம் ஒயினில் இறங்கும். அப்புறம், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவே கூடாது.