188 சென்டிமீட்டர் சென்டருக்கு வேலை இல்லை

கேள்வி: என் மகனுக்கு வயது 21. உயரம் 188 செ.மீ., எடை 92 கிலோ. உயர்நிலை ஒன்றிலிருந்தே கூடைப்பந்து ஆடுகிறான். பள்ளியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் அவன்தான் சென்டர். தேசியச் சேவையை முடித்த பிறகு உள்ளூர்த் தொழில்முறை அணி ஒன்றில் ஓராண்டு ஒப்பந்தம் கிடைத்தது. ஆனால் ஆட்டத்துக்கு நான்கு, ஐந்து நிமிடம்தான் இறக்குகிறார்கள். பயிற்றுவிப்பாளரைக் கேட்டால், "அவனுக்கு என்ன வேலை கொடுப்பதென்றே இன்னும் தெரியவில்லை" என்கிறார். தேக்காவில் அறிமுகமான ஒருவர், 6,800 வெள்ளி கட்டினால் ஐரோப்பாவில் இரண்டு வாரத் தேர்வு முகாமுக்கு அனுப்புவதாகவும், கிளப்புகளின் ஆட்கள் அங்கு வந்து பார்த்து எடுப்பார்கள் என்றும் சொல்கிறார். அனுப்பலாமா? இந்த விளையாட்டில் அவனுக்கு எதிர்காலம் உண்டா?
— சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தந்தை

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். அந்த ஆளைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் பையன்.

பயிற்றுவிப்பாளர் சொன்னதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது. எனக்கு அது நல்ல சேதியாகப் படுகிறது. ஆட்டம் வராதவனைப் பற்றி யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். உங்கள் மகன் தெரிந்து வைத்திருக்கும் வேலைக்கு இந்த மட்டத்தில் இடம் காலியாக இல்லை. அவ்வளவுதான் அவர் சொன்னது.

கொஞ்சம் விளக்குகிறேன். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர். அதற்கடியில் நின்று பந்தைப் பிடித்து, முதுகால் எதிராளியைத் தள்ளி, திரும்பிப் போடுவது சென்டரின் வேலை. நம் பள்ளி ஆட்டங்களில் 188 இருந்தால் பையன் மலை. தொழில்முறை ஆட்டத்தில் அந்த இடத்துக்குத்தான் அணிகள் வெளிநாட்டு ஆளை முதலில் தேடும். வருகிறவர் இரண்டு மீட்டருக்கு மேல் இருப்பார். நம் ஊர்த் தொழில்முறை அணியான சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் 2016, 2017, 2019 என்று மூன்று முறை ஆசியான் லீக் இறுதிச் சுற்றுவரை போனபோதும், வளையத்தடியில் இடித்துக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வீரர்களே. உள்ளூர்க்காரர்களில் நிறைய நேரம் ஆடிய வோங் வெய் லோங்கை நினைத்துப் பாருங்கள். தூரத்திலிருந்து பந்து போடத் தெரிந்த கார்ட் அவர், அதாவது வளையத்தை விட்டுத் தள்ளி நின்று ஆடுபவர். எந்த உள்ளூர் வீரனுக்கு நிமிடங்கள் கிடைக்கும் என்பது அதிலேயே தெரிகிறது.

இதை உங்கள் பிள்ளைக்கு 14 வயதிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மாட்டார்கள். உயர்நிலை இரண்டில் வகுப்பிலேயே உயரமான பையனை வளையத்தடியில் நிறுத்தினால் இந்த ஆண்டே பதக்கம். அவனுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் தூரத்திலிருந்து போடவும் கற்றுக்கொடுத்தால் இரண்டு ஆண்டு தோற்க வேண்டும். பயிற்றுவிப்பாளரின் ஒப்பந்தம் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படுவது. நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்குப் போனால் "என்ன பதக்கம்" என்ற கேள்வி வரும் என்று பெற்றோரும் அதையே கேட்பார்கள். எல்லாரும் சேர்ந்து பையனை நான்கு ஆண்டு முதுகு காட்டி நிற்க வைக்கிறோம். 17 வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிடுகிறார்கள். பிறகு தேசியச் சேவை. அந்த இரண்டு ஆண்டில் பந்தைத் தொடுவதே வார இறுதியில்தான். முடித்து வரும்போது கையிலிருப்பது 14 வயதுப் பையனின் ஆட்டமும் ஆள் வளர்ந்த உடம்பும். இருபது ஆண்டாக இதையே பார்க்கிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் தலையாட்டுகிறார்கள், அடுத்த பருவத்தில் மறுபடியும் அதே பையன் அதே வளையத்தடியில்.

சரி, இனி அவன் என்னவாக வேண்டும்? விங். அதாவது பக்கவாட்டில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்பவன் (அங்கிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி). அவனிடம் அணி எதிர்பார்ப்பது இரண்டு. மூலையில் நின்று, பந்து வந்தால் யோசிக்காமல் போட வேண்டும். மறுமுனையில் எதிரணியின் நல்ல ஆட்டக்காரனை நிழல்போல் தொடர வேண்டும். பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்ட அவனுக்கு யாரும் சந்தர்ப்பம் தரப்போவதில்லை, அதை இப்போதே மறந்துவிடலாம். மூலையை ஏன் சொல்கிறேன் என்றால், அனைத்துலக விதிப்படி கோடு மற்ற இடங்களில் 6.75 மீட்டர், மூலையில் 6.6 மீட்டர்தான். தூரம் குறைவு, புதிதாகக் கற்பவனுக்கு அதுதான் வாசல்.

21 வயதில் கை மாறுமா என்று கேட்பீர்கள். புரூக் லோபஸ் என்று ஓர் அமெரிக்கர், ஏழடிக்கு மேல் உயரம், பழைய பாணி சென்டர். முதல் எட்டுப் பருவத்தில் அவர் போட்ட மூன்று புள்ளிப் பந்துகள் மொத்தம் மூன்று. ஒன்பதாவது பருவத்தில், 2016-17ல், 134. அப்போது அவருக்கு வயது 28. அதற்குமேல் நான் வாதாட வேண்டியதில்லை.

உடனே யாராவது "பி.ஜே.டக்கர் 196 சென்டிமீட்டர்தான், அவர் சென்டராக ஆடவில்லையா" என்று எழுதுவார்கள். ஒவ்வொரு முறையும் எழுதுகிறார்கள். ஆகவே என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் ஆடிய அவரைப் பற்றி முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஆமாம், 2020ல் ஹூஸ்டன் அணி அவரைச் சென்டராக இறக்கியது. ஆனால் அவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று பாருங்கள். கல்லூரியில் புள்ளி குவித்தவர். 2006ல் டொராண்டோ அணி எடுத்தது. ஒரு பருவம்கூட முடியவில்லை, விட்டுவிட்டார்கள். இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று ஐந்தாறு ஆண்டு ஊர் ஊராக ஆடினார். 2012ல் ஃபீனிக்ஸ் அணி அவரை என்பிஏவுக்குத் திரும்ப அழைத்தபோது அவருக்கு 27 வயது. திரும்பி வந்தவர் புள்ளி குவிப்பவராக நிலைக்கவில்லை. யாரையும் தடுப்பவராகவும், மூலையில் நின்று மூன்று புள்ளி போடுபவராகவும் நிலைத்தார். மூலைதான் அவருக்குச் சோறு போட்டது. ஹூஸ்டன் அவரைச் சென்டர் என்று எழுதியதும் அதனால்தான்: எதிரணியின் உயரமான ஆள் அவரைத் தடுக்க வளையத்தை விட்டு மூலைவரை வர வேண்டியிருந்தது. 2021ல் மில்வாக்கி பட்டம் வென்றபோதும் அவர் செய்தது அதே வேலைதான். அவர் விதிவிலக்கு என்று சொல்கிறவர்கள் நான் சொல்வதையேதான் சொல்கிறார்கள். தவிர, அவர் உங்கள் மகனைவிட எட்டு சென்டிமீட்டர் உயரம்.

பயிற்சிக்குப் பெரிய செலவில்லை. நாளுக்கு 300 பந்து, பாதி இடது மூலை, பாதி வலது மூலை, பந்தைப் பிடித்தவுடன். தம்பியோ நண்பனோ பந்தை எடுத்துக் கொடுத்தால் முக்கால் மணி நேரம்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குக்குக் கீழே இருக்கும் இரும்பு வளையத்தில் பந்து எகிறும், வலையும் இருக்காது. அதில் விழ ஆரம்பித்தால் அரங்கத்தில் விழும். (சமூக மன்ற அரங்கம் கிடைத்தால் நல்லது. கிடைக்காது, நாம் எழுந்திருக்கும் முன்பே பூப்பந்துக்காரர்கள் பதிவு செய்துவிடுகிறார்கள்.) எடையைப் பற்றி அணியின் உடற்பயிற்சியாளரிடம் பேசச் சொல்லுங்கள். 92 கிலோ வளையத்தடியில் இடிப்பதற்காக ஏற்றியது. 175 சென்டிமீட்டர் கார்டைப் பக்கவாட்டில் துரத்த அது சுமை. ஒன்றரை ஆண்டு கணக்கு வையுங்கள். மூன்று மாதத்தில் மாற்றித் தருகிறேன் என்கிற தனிப்பயிற்சியாளர் உங்கள் பணத்தைத்தான் மாற்றுவார்.

இன்னொரு வழியும் உண்டு, நம் ஊரில் பலர் கண்டுகொள்வதில்லை: மூவர் கூடைப்பந்து. 2010ல் இங்கே நடந்த முதல் இளையர் ஒலிம்பிக்கில்தான் அது உலகப் போட்டியாக அறிமுகமானது. 12 விநாடிக்குள் பந்தைப் போட வேண்டும் என்பதால் ஒரே வேலை தெரிந்தவன் அதில் பிழைக்க முடியாது. இடிக்கவும் தெரிந்து, தூரத்திலிருந்து போடவும் தெரிந்த 188க்கு அதைவிடப் பொருத்தமான களம் இல்லை. அணி அனுமதித்தால் ஓய்வுப் பருவத்தில் ஆடட்டும்.

இப்போது தேக்கா மனிதர்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் இப்படிப் போனான். அப்பா டாக்சி ஓட்டுபவர். குளிர்காலம், ஏதோ ஒரு பள்ளிக்கூட அரங்கம். எதிரே ஆடியவர்களும் அவனைப்போலவே பணம் கட்டி வந்தவர்கள். மூன்று ஆட்டம். கிளப் ஆட்கள் என்று சொல்லப்பட்ட இருவரில் ஒருவர் கேமரா பிடித்தார், இன்னொருவர் வேன் ஓட்டினார். திரும்பி வந்தபோது கையில் இருந்தது நான்கு நிமிட வீடியோவும் ஒரு சான்றிதழும். அந்தச் சான்றிதழைப் பார்த்து யாரும் ஒப்பந்தம் போடுவதில்லை.

உண்மையான முகவர் எப்படி என்றால், அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் உரிமம் அவரிடம் இருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஃபீபா தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. அவருக்குக் கூலி ஒப்பந்தத்திலிருந்துதான் வரும்; உச்சவரம்பு சம்பளத்தில் 10 விழுக்காடு. பையனுக்கு வேலை கிடைக்கும் முன்பே வாங்கும் பணத்துக்கு முகவர் கூலி என்று பெயரில்லை. பெயர் கேளுங்கள், பட்டியலில் தேடுங்கள். "என் பார்ட்னரிடம் உரிமம் இருக்கிறது" என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். "மாற்றுச் சான்றுக்கு" என்று தனியாக ஒரு தொகையும் கேட்பார்கள். வெளிநாட்டு அணிக்குப் போக அனுமதிக் கடிதம் தேவைதான். அதை எடுக்கிற அணி கேட்கும், இரு நாட்டுச் சம்மேளனங்கள் தமக்குள் முடித்துக்கொள்ளும். தேக்காவில் காப்பி குடித்துக்கொண்டு யாரும் வாங்கித் தர முடியாது.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பையன் இன்னும் தேசியச் சேவைக்குப் போகவில்லை என்றால் ஆபத்து இரட்டிப்பு. பதினாறரை வயதுக்கு மேல் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க வெளியேறும் அனுமதி வேண்டும். அதற்குப் பிணைத்தொகை 75,000 வெள்ளி அல்லது பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானத்தில் பாதி, இதில் எது அதிகமோ அது. முகவர்கள் இதைச் சொல்வதேயில்லை. ஒத்திவைப்பு கேட்கலாமே என்று எனக்கு எழுத வேண்டாம். நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங்குக்குக் கிடைத்தது, அவர் 2016 ஒலிம்பிக்கில் 50.39 விநாடியில் நீந்தித் தங்கம் கொண்டுவந்தார். கூடைப்பந்தில் அந்தக் கதவு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 18 வயது ஆகாதவனை வெளிநாட்டுக் கிளப்புக்கு மாற்றுவதும் ஃபீபா விதியில் பொதுவாக முடியாது.

உங்கள் மகன் சேவையை முடித்துவிட்டான், அது அவனுக்குப் பலம். இருக்கிற ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். ஊழியராக எடுத்திருக்கிறார்களா, "அலவன்ஸ்" என்று கையில் கொடுக்கிறார்களா? ஊழியர் என்றால் மத்திய சேமநிதிக்கு அணி 17 விழுக்காடு கட்ட வேண்டும். காயம்பட்டால் யார் செலவு என்ற வரி இருக்கிறதா? புதுப்பிக்கும்போது சம்பள உயர்வைவிட இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். அமெரிக்கக் கல்லூரிக் கனவு இருந்தால் விட்டுவிடுங்கள். சம்பளம் வாங்கி ஆடியவனுக்கு அது வேறு தலைவலி.

பயிற்றுவிப்பாளரிடம் மறுபடி போகும்போது "ஏன் இறக்கவில்லை" என்று கேட்க வேண்டாம். "விங்காக ஆட என் தடுப்பாட்டத்தில் எது குறைகிறது" என்று பையனே கேட்கட்டும், நீங்கள் கூடப் போகாதீர்கள்.

அதற்கு முன் ஒரு காரியம். இந்த வாரம் ஒரு நாள், பயிற்சி முடிந்து களைத்திருக்கும்போது, ஃப்ரீ த்ரோ (கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் போடும் பந்து) 100 போடச் சொல்லுங்கள். தூரத்துப் பந்து யாருக்கு வரும் என்று பார்க்க எங்களுக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் அதுதான். 75 விழுந்தால் கை இருக்கிறது, மேலே சொன்ன 300 பந்தை மறுநாளே தொடங்கலாம். 60க்குக் கீழே என்றால் முதலில் முழங்கையைத் திருத்த வேண்டும், மூலைக்குப் போகக்கூடாது. எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள். வீடியோ வேண்டாம்.