முதலில் சான்று, பிறகு தலைப்பு

கேள்வி: ஈசூனில் ஒரு சமூக மன்றத்தில் தொண்டூழியராக இருக்கிறேன். மூத்தோரும் மாணவர்களுமாக எங்கள் குழு, சிங்கப்பூர்த் தமிழர்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறது. விதிமுறைகளை அச்சிட்டே கொடுத்தேன். ஆனாலும் பல கட்டுரைகள் நீக்கப்படுகின்றன. சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அச்சிட்ட தாள்களை எடுத்து வைத்துவிடுங்கள். விதிகளை முழுவதும் படித்துவிட்டு எழுத வந்தவரை நான் பார்த்ததில்லை. எழுதும்போது எந்த விதி குறுக்கே வருகிறதோ, அதை அப்போது சொன்னால் போதும்.

பெரும்பாலும் சிக்கல் தலைப்பிலேயே தொடங்குகிறது. “எங்கள் சங்கத்தைப் பற்றி எழுதப்போகிறேன்” என்று ஒருவர் உட்காருகிறார். “அதைப் பற்றிச் சங்கத்துக்கு வெளியே யார், எங்கே எழுதியிருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். வெள்ளிவிழா மலர் ஒன்றுதான் பதில் என்றால் அந்தக் கட்டுரையை இப்போது தொடங்க வேண்டாம். தொடங்கிய ஆண்டு போன்ற எளிய தகவலுக்கு மலர் உதவும்; கட்டுரைக்குத் தகுதி உண்டு என்று காட்ட உதவாது. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் இருக்கின்றன. முதல் வகுப்பை அங்கேயே தொடங்குங்கள்: ஆளுக்கொரு செய்தியைத் தேடி எடுத்து, ஏற்கெனவே உள்ள ஒரு கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்து, இதழின் தேதியையும் பக்க எண்ணையும் மேற்கோளாகக் கொடுக்கட்டும். அப்படிச் சேர்த்த வாக்கியத்தை எளிதில் யாரும் நீக்கமாட்டார்கள்.

அடுத்தது நடை. மேடையில் வாழ்த்துரை கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கை தானாக அந்தப் பக்கம் போய்விடும். “தன்னலமற்ற தொண்டால் தமிழர் நெஞ்சங்களில் நீங்கா இடம்பெற்ற மாமனிதர் கோ. சாரங்கபாணி” என்று ஒருவர் எழுதினால் திட்ட வேண்டாம். அடைமொழிகளை அவரையே ஒவ்வொன்றாக அடிக்கச் சொல்லுங்கள். கடைசியில் பெயர் மட்டும்தான் மிஞ்சும். பிறகு, “1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார்” என்று சான்றுடன் சேர்க்கட்டும். நடுநிலை நோக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைவிட இது மேல்.

நூலக வாரியத்தின் இணையக் கலைக்களஞ்சியத்தை அப்படியே தமிழாக்கி ஏற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. மொழிபெயர்த்தாலும் பதிப்புரிமை மீறல் மீறல்தான். தகவலை எடுத்துக்கொண்டு சொந்த நடையில் எழுதி, மூலத்தைச் சுட்டுவதில் தவறில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து மொழிபெயர்க்கலாம். எந்தக் கட்டுரையிலிருந்து என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது சேமிக்கும்போது செய்த மாற்றத்தைக் குறிக்கும் பெட்டியில், எழுதிவிட வேண்டும்.

மன்றத்தின் பெயரில் ஒரே கணக்கு தொடங்கி எல்லாரும் பயன்படுத்துவதும் விதிக்குப் புறம்பு. ஆளுக்கொரு கணக்கு வேண்டும். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகள்தான் பொதுவாகத் தொடங்க முடியும், ஏழாமவர் விழிப்பார். ஆகவே வீட்டிலேயே தொடங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். சங்கச் செயலாளர் தம் சங்கத்தைப் பற்றித் தாமே எழுத ஆசைப்பட்டால், கட்டுரையில் கைவைக்காமல், தம் தொடர்பைச் சொல்லிவிட்டு, அந்தக் கட்டுரையைப் பற்றி உரையாடுவதற்கான பேச்சுப் பக்கத்தில் தகவலைத் தரட்டும்.

நீக்கப்பட்டவற்றைச் சினத்தில் மறுபடி ஏற்ற வேண்டாம், கணக்கையே தடைசெய்துவிடக்கூடும். நீக்கிய நிர்வாகியின் பேச்சுப் பக்கத்தில் காரணம் கேட்டு, நான்கு அலைக்குறிகளால் (~~~~) கையொப்பமிடுங்கள். நீக்கிய கட்டுரையின் உரையை நிர்வாகிகளால் பார்க்க முடியும். பதிப்புரிமைச் சிக்கல் இல்லையென்றால், அதை எழுதியவரின் மணல்தொட்டிக்கு, அதாவது அவர் எழுதிப் பழகும் தனிப் பக்கத்துக்கு, மாற்றித் தரும்படி கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள். சான்று கிடைக்கும்வரை அங்கேயே இருக்கட்டும்.